ஸ்மார்ட் எடை மெஷின்: எடைக்கு நான்கு நட்சத்திரம், செயலிக்கு ஒன்று

சர்க்கரை அளவு கூடியிருப்பதால் எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அடுத்து, கைபேசிச் செயலியோடு இணையும் இந்தக் கண்ணாடி எடை மெஷினை 1,500 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. எடை காட்டுவதில் இதைக் குறை சொல்ல முடியாது. புதிதாக வந்த கேஸ் சிலிண்டரை ஏற்றிப் பார்த்தேன். சிலிண்டரில் பொறித்திருந்த காலி எடை 15.6 கிலோ, உள்ளே இருக்க வேண்டிய எரிவாயு 14.2 கிலோ, மெஷின் 29.9 காட்டியது. வீட்டு உபயோகத்துக்கு இதைவிடத் துல்லியம் தேவையில்லை.

எடைக்கு அப்பால் செயலி காட்டும் கொழுப்பு விழுக்காடு, தசை அளவு, 'உடல் வயது' ஆகியவைதாம் சிக்கல். பாதம் படும் உலோகத் தகடுகளின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, அதற்கு உடல் தரும் தடையோடு உயரம், வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு மெஷின் இந்த எண்களை ஊகிக்கிறது. உடலில் உள்ள நீரின் அளவும் பாதத்தின் ஈரமும் மாறினால் விடையும் மாறும். இந்தக் கணக்கு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பொருந்தும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் தன் பிறந்த தேதியைக் கொடுத்தபோது செயலி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

உறவினர் திருமணத்தில் சித்தி ஒருவர் அவளைப் பார்த்து "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாளே" என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது பாராட்டாகவும் சொல்லப்படும் சொல்தான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 156 சென்டிமீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்குச் செயலி கொழுப்பு 29 விழுக்காடு என்று சிவப்பு நிறத்தில் காட்டி, உகந்த எடை 48 என்றது. உடல் வயது 22 என்று வேறு சேர்த்துக்கொண்டது. பருவமடையும் பெண்களின் உடலில் கொழுப்பு கூடுவது வளர்ச்சியின் இயல்பு என்பதற்கு அந்தத் திரையில் இடமே இல்லை. அதன்பின் அவள் ஒரு நாளைக்கு மூன்று முறை ஏறி நின்றாள். காலையில் 51.6, இரவில் 52.7, சாப்பிட்ட சோறும் குடித்த தண்ணீரும்தான் அந்த வித்தியாசம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. காலை இட்லி நின்றது, மதிய டப்பா பாதியோடு திரும்பியது.

நான் உண்மையில் கோபப்பட்டது செயலியின் 'உணவுத் திட்டம்' பகுதியைப் பார்த்தபோதுதான். நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று அவளுக்கு இலக்கு வைத்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அறிக்கை 13 முதல் 15 வயதுப் பெண்களுக்குச் சொல்லும் ஆற்றல் தேவை 2,400 கலோரி; செயலி கொடுத்தது அதில் சரிபாதி.

குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். பிறகு இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தை எடுத்து, அவளுடைய வயதுக்கு நேரே புள்ளி வைத்துக் காட்டினார். பெரியவர்களுக்கான 23 என்ற பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) எல்லையை அப்படியே பொருத்தாமல், அதிக எடையைக் குறிக்கும் கோடு அதில் 5 முதல் 18 வயதுவரை ஒவ்வொரு வயதுக்கும் ஏற்றபடி உயர்ந்துகொண்டே போகிறது. அவளுடைய புள்ளி அதற்குக் கீழேதான் இருந்தது. வீட்டில் எடையைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, இரவு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார்.

வயது குறைந்தவர்களுக்குக் கொழுப்புக் கணக்கையும் உணவுத் திட்டத்தையும் முடக்கும் வசதி வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். வேறொரு கணக்கைத் தொடங்கிப் பாருங்கள் என்று பதில் வந்தது. பெரியவர்கள் மட்டும் உள்ள வீடு என்றால், செயலியை இறக்காமல் எடைக்காக மட்டும் இதைத் தாராளமாக வாங்கலாம். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கூடத்தில் போட்டு வைக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் மெஷின் இப்போது என் அலமாரிக்குள் இருக்கிறது. வாரம் ஒருமுறை, அவள் பள்ளிக்குப் போனபின் எடுக்கிறேன். அவள் இன்னும் தோசையை எண்ணித்தான் சாப்பிடுகிறாள். இரண்டாக இருந்தது, போன வாரம் மூன்றானது.