போம் கோர்னிஸ்: உவர்மலை வீட்டு ஹோலில் ஒட்டிப் பார்த்த பிறகு

சுவரும் சீலிங்கும் சேருகிற மூலையில் வடிவுக்கு ஒட்டுகிற நீளப் பட்டையான போம் கோர்னிஸை உவர்மலையில் எங்கள் வீட்டு ஹோலுக்குப் போட்டோம். ஆட்கள் குடியிருக்கிற வீட்டில் செய்ய இதைவிடச் சுத்தமான வேலை இல்லை என்று துணிந்து சொல்வேன். அம்மாவுக்கு முட்டு வருத்தம். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் செய்தால் குழைக்கிற வாளி, சுவர் வழியே ஒழுகுகிற வெள்ளை, பிறகு தேய்க்கும்போது எழும்புகிற தூசி. அந்தத் தூசி அடங்கும்வரை அவரை வேறு வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும். அது முடியாது என்றுதான் போமுக்கு வந்தோம்.

புதுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வருகிற அதே வெள்ளைப் போம்தான், கொஞ்சம் இறுக்கமானது. 2 மீற்றர் துண்டை ஒரு கையால் தூக்கலாம். ஆணி தேவையில்லை, கம் மட்டும் போதும்.

அந்தக் கம்மில்தான் கவனம் வேண்டும். கடையில் முதலில் எடுத்துத் தந்தது தின்னர் மணம் அடிக்கிற கம். தம்பி ஒரு சொட்டை வெட்டுத்துண்டில் விட்டான். பார்த்துக்கொண்டிருக்கவே போம் உருகிக் குழி விழுந்தது. "அக்கா, இது மூலையோடு சேர்த்துத் தின்னும்" என்றான். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் கம் வாங்கினோம். மணமே இல்லை. வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்க வேலை நடந்தது.

குப்பை வருவது வெட்டுகிற இடத்தில்தான். வாள் பட்டால் போம் முத்து முத்தாகச் சிதறும். உடுப்பில், தலைமயிரில் ஒட்டிக்கொள்ளும்; தும்புத்தடியால் கூட்டினால் இன்னும் பறக்கும். வளவில் வைத்து வெட்டலாம் என்று நினைக்காதீர்கள், கச்சான் காற்று அதை ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோகும். நாங்கள் விறாந்தையில் படங்கை விரித்து, அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு வெட்டினோம். முத்துகள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. முடிந்ததும் படங்கை அப்படியே மடித்து எடுத்தாயிற்று. பல் நுணுக்கமான இரும்பறுக்கும் வாள் நல்லது. மரவாள் விளிம்பைப் பிய்க்கும்.

மூலைக்கு 45 பாகையில் வெட்ட மைட்டர் பொக்ஸ், அதாவது வாளைச் சரிவாக ஓட்டக் காடி வெட்டிய பெட்டி, கட்டாயம். துண்டை அதற்குள் தலைகீழாக வைக்க வேண்டும்: பெட்டியின் அடியைச் சீலிங் என்றும் பக்கப்பலகையைச் சுவர் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். சுவர்மூலை எதுவும் சரியாக 90 பாகையில் இருக்காது. இடைவெளியில் அதே கம்மை அழுத்தி, ஈர ஸ்பொஞ்சால் ஒரே இழுப்பு இழுத்தால் பொருத்தே தெரியாது.

பழைய வீட்டுக்காரர்கள் ஒன்று பார்க்க வேண்டும். சுவரில் உள்ளங்கையைத் தேய்த்து வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்பு. அதன்மேல் எந்தக் கம்மும் நிற்காது. சுவரில் கோர்னிஸ் ஒட்டுகிற இடத்தை மட்டும் சுரண்டி, கழுவி, காயவிட்டுப் பிறைமர் என்கிற அடிப்பூச்சு ஒன்று அடியுங்கள். சுரண்டும்போது கொஞ்சம் ஈரமாக்கிச் சுரண்டினால் தூசி எழும்பாது.

குறையும் சொல்ல வேண்டும். பூவேலை உள்ள போமைக் கிட்டநின்று பார்த்தால் விளிம்புகள் மழுங்கித் தெரியும். பிளாஸ்டரில் உள்ள கூர்மை இதில் இல்லை. அதனால் வெறும் வளைவுதான் எடுத்தோம், எங்கள் ஹோலுக்கு அது நல்ல வடிவு. நகம் பட்டாலே பள்ளம் விழும், ஏணியைச் சாத்தவே கூடாது. தீப்பிடிக்கிற சாமான் என்பதால் குசினியில் அடுப்புக்கு மேலே வேண்டவே வேண்டாம், சூடாகிற பல்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். எங்கள் சீலிங் கொங்கிரீட் தட்டு. சீற் அடித்த சீலிங் என்றால் வெயிலுக்கும் காற்றுக்கும் அசையும், பொருத்துக் கோடு வெடிக்கலாம். அங்கே காய்ந்த பிறகும் இழுபடுகிற வகைக் கம்மைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பெயின்ற் அடிக்க முதல் கம் நன்றாகக் காய வேண்டும். எங்கள் டியூப்பில் 24 மணித்தியாலம் என்று போட்டிருந்தது. தண்ணீர் கலக்கிற எமல்ஷன் பெயின்ற் மட்டும் அடியுங்கள். ஸ்பிரே பெயின்ற் போமை அரிக்கும். அப்புறம், அளந்ததற்குமேல் ஒரு துண்டு கூட வாங்கி வையுங்கள். மூலைக்கு வெட்டுவதில் நிறையக் கழியும், பிறகு போனால் அதே வளைவு கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.