பள்ளியை மூடுவதா, திறந்து வைப்பதா: தமிழ்நாடு, கோழிக்கோடு, நியூயார்க்

கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் பள்ளிகளை மூடியது 2020 மார்ச் 17இல். அதே ஆண்டு நவம்பர் 10இல் தியேட்டர்கள் திறந்துவிட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் திரும்ப வகுப்பில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1இல்தான். இந்த மூன்று தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

மூடியதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த மார்ச்சில் நோயைப் பற்றி யாருக்கும் சரியாகத் தெரியாது. நவம்பரில் ஒன்பதாம் வகுப்பு முதல் திறக்கலாமா என்று அரசு கருத்துக் கேட்டபோது வேண்டாம் என்ற பெற்றோர்களும் நிறையப் பேர், அவர்கள் பயமும் பொய்யில்லை, வீட்டில் சர்க்கரை நோயோடு தாத்தா பாட்டி இருந்தார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது மாதம் என்பது வேறு கணக்கு. எங்கள் தெருவில் ஒரு பெண், ஒன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போனது மூன்றாம் வகுப்புக்கு. இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். 'க' தெரியும், 'கா' தெரியும். 'கொடி' வந்தால் கொம்பின் மேல் விரலை வைத்து நின்றுவிடுவாள். 'கெ' என்பாள், அப்புறம் காலைத் தனியாகப் பார்ப்பாள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாள். வீட்டில் ஒரே போன், பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவில் அண்ணனுக்கு. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, சரி, ஆனால் புரியவில்லை என்று டிவியிடம் எப்படிச் சொல்வது?

இப்போது கோழிக்கோடு. நிபா கொரோனாவை விடப் பல மடங்கு கொடியது. 2018இல் கேரளத்தில் 17 பேர் இறந்தார்கள். ஆனால் பெரும்பாலும் நோயாளியைப் பக்கத்திலிருந்து கவனிப்பவர்களுக்குத்தான் தொற்றுகிறது, அதனால் யார் யாரோடு இருந்தார்கள் என்று தேடிப் பிடிக்க முடியும். அந்த வருடம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதை அந்த மாவட்டத்தில் ஜூன் 12க்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான். 2023 செப்டம்பரில் மறுபடி வந்தபோது முதலில் காலவரையறை இல்லாத மூடல் என்று உத்தரவு போட்டு, பிறகு 23ஆம் தேதி வரை என்று திருத்தினார்கள். 25இல் பள்ளி திறந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தத் திருத்தம்தான், ஏனென்றால் தேதி போட்டுவிட்டால் நீட்டிக்க வேண்டியவர் காரணம் சொல்ல வேண்டும். தேதி போடாவிட்டால் திறக்கச் சொல்பவர்தான் காரணம் தேடி அலைய வேண்டும்.

மூன்றாவது, மூடவே மூடாத வழி. 1918இல் இன்ஃபுளுயன்சா என்ற ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின, நியூயார்க் மூடவில்லை. அங்கே ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்கள், பெரும்பாலோர் காற்றோட்டமில்லாத நெருக்கடியான குடியிருப்புகளில் இருந்தவர்கள். வீட்டை விடப் பள்ளி சுத்தம், அங்கே ஆசிரியரும் நர்ஸும் தினமும் பார்க்கிறார்கள் என்பது சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்டின் வாதம். பிள்ளைகள் வாசலில் கூடி நிற்காமல் நேரே வகுப்புக்குப் போக வேண்டும், அறிகுறி தெரிந்தால் உடனே தனியே பிரிப்பார்கள். இத்தனைக்கும் ஃப்ளூ பிள்ளைகள் வழியாக வேகமாகப் பரவுகிற நோய். நகரத்தின் இறப்பு விகிதம் பள்ளிகளை மூடிய பிலடெல்பியாவை விடக் குறைவாகவே இருந்தது, அதற்குப் பள்ளிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, கடைகள், அலுவலகங்களின் நேரத்தையும் மாற்றியிருந்தார்கள். நம் அரசுப் பள்ளிகளில் தினமும் வருகிற நர்ஸ் இல்லை. அது இல்லாமல் இந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

அதனால் என் ஓட்டு கோழிக்கோட்டு வழிக்குத்தான்: பரவுகிற இடத்தில் மட்டும், தேதி போட்டு மூடுவது. தவிர்க்க முடியாமல் நீண்டால், திறக்கும்போது டென்மார்க்கைப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 15இல் அவர்கள் முதலில் கூப்பிட்டது ஐந்தாம் வகுப்பு வரையுள்ள சின்னவர்களை. நாம் முதலில் கூப்பிட்டது பொதுத்தேர்வு எழுதும் பத்தையும் பன்னிரண்டையும். பெரியவன் புத்தகத்தை வைத்துத் தானே ஓரளவு படித்துக்கொள்வான், கொம்பில் விரல் வைத்து நிற்கிறவளுக்கு ஆள்தான் வேண்டும். சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், நல்லதுதான், ஆனால் அது வீட்டில் எல்லோருக்குமாகப் போய்விடும்.

அடுத்த முறை மூடல் உத்தரவு வந்தால் நான் முதலில் தேடப்போவது திறக்கும் தேதியை. அது இல்லையென்றால் எங்கள் தெருப் பெற்றோர்களைக் கூட்டிக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேட்பேன்.