டிரேடிங் புத்தகங்கள் நான்கு: எதற்கு நேரம் ஒதுக்கலாம்?

மதுரையில் பங்கு வாங்கி விற்கப் புதிதாக டீமேட் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் இவைதான்: லெஃபெவரின் ‘ரெமினிசன்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர்’, விலைச் சார்ட்டைப் படிக்கச் சொல்லித்தரும் ஜான் மர்ஃபியின் டெக்னிக்கல் அனாலிசிஸ், விலையை மெழுகுவர்த்தி வடிவங்களாகக் காட்டும் சார்ட் பற்றிய ஸ்டீவ் நிசனின் கேண்டில்ஸ்டிக், டிரேடரின் மனநிலை பற்றிய மார்க் டக்ளஸின் ‘டிரேடிங் இன் த ஸோன்’. புகழை விடுங்கள். படித்ததை நிஃப்டி (50 பெரிய பங்குகளின் குறியீடு) சார்ட்டில் வைத்துச் சரிபார்க்க முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

சுவாரசியத்தில் லெஃபெவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அமெரிக்கப் பங்கு ஊக வணிகர் ஜெஸ்ஸி லிவர்மோரின் வாழ்க்கையை வைத்து 1923இல் ஒரு பத்திரிகையாளர் எழுதிய கதை அது. நாயகன் இளம் வயதில் சம்பாதிக்கும் ‘பக்கெட் ஷாப்’ கிட்டத்தட்ட நம்மூர் டப்பா டிரேடிங்: பங்கு கைமாறாது, விலைமீது கடைக்காரரோடு பந்தயம். இங்கே அது சட்டவிரோதம். லிவர்மோர் 1934இல் திவாலான கதை புத்தகத்தில் இருக்க வழியில்லை. நாவலாகப் படிக்கலாம், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி மர்ஃபிக்கும் நிசனுக்கும். மர்ஃபி 500 பக்கங்களைத் தாண்டும், கொஞ்சம் வறட்சிதான். ஆனால் டிரெண்ட் (விலை போகும் திசை), சப்போர்ட் (விலை இறங்காமல் தாங்கும் இடம்), வால்யூம் (கைமாறும் பங்கு அளவு), மூவிங் ஆவரேஜ் (நகரும் சராசரி விலை) எல்லாவற்றையும் பழைய சார்ட்டில் நாமே போட்டுப் பார்த்து, எத்தனை முறை பலித்தது என்று எண்ணலாம். விலை அலை அலையாக நகரும் என்கிற எலியட் அலை அத்தியாயத்தைத் தாண்டிப் போங்கள். ஒரே சார்ட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக அலை எண்ணுவார்கள். நிசனின் 1991ஆம் ஆண்டுப் புத்தகம் அழகானது. ஆனால் அதில் வரும் ‘மார்னிங் ஸ்டார்’ போன்ற சில வடிவங்களுக்கு இலக்கணப்படி இரண்டு கேண்டில்களுக்கு நடுவே விலை இடைவெளி வேண்டும். தினசரி சார்ட்டில் அது கிடைக்கும். அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேக்காரர்கள் பார்க்கும் 5 நிமிட சார்ட்டில் அபூர்வம். போதாக்குறைக்கு மர்ஃபியிலேயே கேண்டிலுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆரம்பிக்கிறவருக்கு அது தாராளம்.

டக்ளஸ் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். டிரேடிங் முறை எதுவும் கற்றுத் தருவதில்லை. அதை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் கடைசியில், ஒரே விதியை மாற்றாமல் 20 டிரேடுக்குப் பின்பற்றச் சொல்லும் பயிற்சி அருமை. கொஞ்ச நாள் டிரேட் செய்துவிட்டு வந்தால்தான் அது உறைக்கும்.

நான்குமே அமெரிக்காவில் எழுதப்பட்டவை. எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜி.எஸ்.டி., லாட் சைஸ் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) எதுவும் அவற்றில் கிடையாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொன்னது. செலவும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம். இந்தச் செலவுக் கணக்குக்கு புரோக்கர் நிறுவனமான ஜெரோதாவின் வார்சிட்டி பாடத்தளம் போதும், இலவசம். ஆங்கிலம் இடறினால் சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ வரிசையில் தொடங்கலாம்.

என் வரிசை: முதலில் வார்சிட்டி, அப்புறம் மர்ஃபியின் முன்பாதி, சில மாதம் கழித்து டக்ளஸ். வாங்கும் முன் புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஓர் அத்தியாயம் படித்தாலே உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.