லான்ஸ் ரசல் மைக்கைப் பிடித்தால்: பழைய மெம்ஃபிஸ் ரெஸ்லிங் டேப்கள்

டிரம்ப் கார்டு விளையாடி, கேபிளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜெர்ரி லாலர் என்றால் தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு கமென்ட்ரி மேஜையில் உட்கார்ந்து கத்துகிறவர், அவ்வளவுதான். அந்த ஆள் அங்கே வருவதற்கு முன்னால் ஏறக்குறைய இருபது வருஷம் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் ராஜாவாகவே இருந்தார் என்பதை நம்மில் நிறையப் பேர் பார்த்ததில்லை. அந்தக் காலத்து மெம்ஃபிஸ் டிவி ரெஸ்லிங் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. யாரோ ஒரு ரசிகர் வீட்டு வி.சி.ஆரில் பதிவு செய்து, அது கை மாறி கை மாறி, கோடு விழுந்து, நிறம் மங்கி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1977லிருந்து எண்பதுகளின் பாதி வரைக்கும் கிடைத்ததையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பார்க்கும்போது பிடிபடாது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் ரெஸ்லிங் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி, ஒரு உள்ளூர் டிவி நிகழ்ச்சி. மெம்ஃபிஸ் பக்கம் நிக் கூலாஸ் என்பவர் கையில் இருந்தது, 1977ல் ஜெர்ரி ஜாரெட் அவரிடமிருந்து பிரிந்து, லாலரையும் சேர்த்துக்கொண்டு தனிக்கடை போட்டார். சேனல் 5ல் சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம், நேரடி ஒளிபரப்பு. சின்ன ஸ்டூடியோ, ஒரு ரிங், பலகை வரிசையில் கொஞ்சம் ஜனம், ஓரத்தில் ஒரு மேஜை. இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரே வேலைதான்: திங்கட்கிழமை ராத்திரி மிட்-சவுத் கொலிசியம் என்ற பெரிய அரங்குக்கு டிக்கெட் வாங்க வைப்பது. நிகழ்ச்சியில் வரும் பணம் பெரிசில்லை, வாசலில் வசூலாகும் பணம்தான் பெரிசு. செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில் என்று அதே ஆட்டக்காரர்கள் காரில் ஊர் ஊராகப் போவார்கள், அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்து மறுபடி சண்டைக்கு மூட்டுவார்கள்.

அதனால் ஸ்டூடியோவுக்குள் நடக்கும் மேட்ச்களை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் இந்த நிகழ்ச்சி பாஸ் ஆகாது. பாதிக்கு மேல் ஒரு பெயர் தெரிந்தவர் ஒரு பெயர் தெரியாதவரை மூன்று நிமிஷத்தில் சாய்ப்பதுதான். அதையெல்லாம் தைரியமாக ஓட்டிவிடலாம். மேஜைப் பக்கம் கேமரா திரும்பும்போதுதான் நிகழ்ச்சி ஆரம்பிக்கிறது.

அந்த மேஜையில் இருப்பவர் லான்ஸ் ரசல். நான் கேட்ட ரெஸ்லிங் வர்ணனையாளர்களிலேயே இவர்தான் சிறந்தவர், இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நீளமான மூக்கு, சாதாரண கோட், ஒரு பள்ளித் தலைமையாசிரியர் மாதிரியான பொறுமை. தொழிலில் டிவி நிலைய நிர்வாகி, முன்பு சேனல் 13ல் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்தவர். பக்கத்தில் டேவ் பிரவுன், அவர் அதே சேனல் 5ல் வானிலை சொல்கிறவர். ராத்திரி மழை வருமா என்று சொல்லும் அதே ஆள் காலையில் வந்து லாலர் முகத்தில் ரத்தம் என்று சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? ரசல் கத்துவதே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அபூர்வமாகத்தான் கத்துவார். வில்லன் வந்து பொய் பேசும்போது அவர் முகத்தில் வரும் சலிப்பு இருக்கிறதே, "போதும்ப்பா, மைக்கைக் கொடு" என்கிற மாதிரி ஒரு பார்வை, அது நூறு கூச்சலுக்குச் சமம். அவர் எரிச்சலானால் நமக்கும் எரிகிறது. அவர் பதறினால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஒரே சாட்சியாக 1981 ஏப்ரல் மாதத்து வெற்று அரங்கு மேட்சைச் சொல்வேன். டெர்ரி ஃபங்க், டெக்சாஸ்காரர், முன்னாள் உலக சாம்பியன், மெம்ஃபிஸில் ஜனமும் நடுவரும் எல்லாரும் லாலர் பக்கம், எனக்கு நியாயம் கிடைக்காது, யாருமே இல்லாத அரங்கில் வா என்று கூப்பிடுகிறார். பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரும் கொலிசியம், ஒரு தலை கூட இல்லை. லாலர், ஃபங்க், மைக்கோடு ரசல், படம் பிடிக்க ஒன்றிரண்டு பேர், அவ்வளவுதான். பொதுவாக ரெஸ்லிங்கில் அடியின் சத்தத்தைக் கூட்டத்தின் சத்தம் மூடிவிடும். இங்கே மூட எதுவுமே இல்லை, நாற்காலி உருளும் சத்தமும் ஃபங்க்கின் வசவும் காலி இருக்கைகளில் மோதித் திரும்பி வருகின்றன. ரசலுக்கு ஆதரவாகக் கத்த ஆளில்லை, அவர் தணிந்த குரலில், இது சரியில்லை, இது வேண்டாம் என்கிற தொனியில் சொல்லிக்கொண்டே போகிறார். கடைசியில் ஃபங்க் உடைந்த மரத்துண்டை எடுத்து லாலர் கண்ணுக்குக் கொண்டுபோக, லாலர் கீழேயிருந்து உதைத்த உதையில் அது ஃபங்க்கின் கண்ணுக்கே திரும்புகிறது. அதன்பிறகு ஃபங்க் என் கண், என் கண் என்று அலறுகிற அலறலைக் கேளுங்கள். எல்லாம் பேசி வைத்து நடப்பது என்று தெரிந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேட்ச் என்று பார்த்தால் சில நிமிஷம்தான், பிடி, பூட்டு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் 2020ல் கொரோனா காலத்தில் பெரிய கம்பெனிகள் காலி அரங்கில் நடத்தியவற்றில் எதுவும் இதற்குக் கிட்டே வரவில்லை.

அடுத்து 1979 ஜூன் 15, மிசிசிப்பி மாநிலத்து டூப்பெலோ. லாலரும் பில் டண்டியும் ஒரு ஜோடி, எதிரே பிளாண்ட் பாம்பர்ஸ் என்ற ஜோடி, வேய்ன் ஃபாரிஸும் லேரி லேதமும். (ஃபாரிஸ்தான் பின்னாளில் கிட்டாரோடு வந்த ஹாங்கி டாங்க் மேன்.) லாலர் ஜோடி சாம்பியன் பெல்ட்டைத் தோற்கிறது, மணி அடித்தாயிற்று, ஆனால் சண்டை நிற்கவில்லை. ரிங்கை விட்டு இறங்கி, நடைபாதையைத் தாண்டி, தின்பண்டம் விற்கும் கடைக்குள்ளேயே போய்விடுகிறார்கள். கடுகுச் சாஸ் ஜாடி பறக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிக்கிறார்கள், தரையெல்லாம் சாஸ், வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி அடி. ஒற்றைக் கேமரா பின்னாலேயே ஓடுகிறது, படம் ஆடுகிறது, சில நொடி என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, அதுதான் இதன் பலம். பிற்காலத்தில் இதே மாதிரி அரங்கு முழுக்கச் சண்டை போடுவது ஒரு பாணியாகவே ஆகிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றில் கேமரா முன்கூட்டியே சரியான இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். இங்கே அது திணறுகிறது, அதனால் நம்ப முடிகிறது.

லாலரின் குத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயரமில்லை, கட்டுமஸ்தான உடம்பும் இல்லை. ஆனால் முஷ்டியைச் சுழற்றி எதிராளி தாடையில் வைக்கும் விதம் இருக்கிறதே, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் எங்கே தொடாமல் விடுகிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேட்ச் முழுக்க அடி வாங்குவார். வாங்கிக்கொண்டே இருக்கும்போது ஒரு கட்டத்தில் தோளில் இருக்கும் உடுப்புப் பட்டையை இழுத்துக் கீழே விடுவார். அவ்வளவுதான், அரங்கு எழுந்து நின்றுவிடும், இனிமேல் ராஜா திருப்பி அடிப்பார் என்று குழந்தைக்கும் தெரியும். ஒரு துணிப்பட்டையை இறக்கி பத்தாயிரம் பேரை எழுப்ப முடிகிறது என்றால் அந்த ஆளின் கைப்பக்குவத்தை என்னவென்று சொல்வது! இதை முழுசாக அனுபவிக்க 1983 ஜூன் 6ல் டண்டியோடு நடந்த மேட்சைப் பாருங்கள், தோற்றவர் ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு பேரும் வருஷக்கணக்கில் நண்பர்களாகவும் எதிரிகளாகவும் மாறி மாறி இருந்தவர்கள், ஒவ்வொரு குத்திலும் பழைய கணக்கு தெரிகிறது. ஆட்டமாகவே பார்த்தால் இந்தச் சேகரிப்பில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆண்டி கோஃப்மன் விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. ஹாலிவுட் நகைச்சுவை நடிகர், மேடையில் பெண்களோடு மல்யுத்தம் செய்து அவர்களை மட்டம் தட்டிப் பேசி ஊர் வெறுப்பைச் சம்பாதித்தவர். இதை நியூயார்க் ரெஸ்லிங்கில் செய்யத்தான் முதலில் ஆசைப்பட்டார், அங்கே கதவு திறக்கவில்லை, ஒரு ரெஸ்லிங் பத்திரிகையாளர் மூலமாக லாலரைப் பிடித்தார். 1982 ஏப்ரல் 5 மேட்ச் பெரும்பாலும் கோஃப்மன் ஓடுவதுதான். கடைசியில் லாலர் மெம்ஃபிஸில் தடை செய்யப்பட்ட பைல்டிரைவரை (ஆளைத் தலைகீழாகத் தூக்கித் தலையைத் தரையில் மோதவிடும் பிடி) போட்டு, தகுதி நீக்கம் ஆகி, அப்படியும் ஆத்திரம் தீராமல் இன்னொன்றும் போடுகிறார். ஆம்புலன்ஸ் வருகிறது. ஜூலையில் டேவிட் லெட்டர்மனின் டிவி பேட்டி நிகழ்ச்சியில் லாலர் அறைந்ததும் கோஃப்மன் காபியை வீசியதும் தனிக்கதை. ஆனால் மேட்சைவிட, கோஃப்மன் அனுப்பி வைத்த வீடியோக்கள்தான் சரக்கு. சோப்புக் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தென்மாநிலத்து ஜனங்களுக்குக் குளிக்கக் கற்றுக்கொடுக்கிறார், ஒரு மில்லிமீட்டர் கூடச் சிரிக்காமல். அதைப் போட்டுக் காட்டிவிட்டு ரசல் முகத்தை வைத்துக்கொள்ளும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். கோஃப்மன் 1984ல் இறந்த பிறகும் பல வருஷம் இருவரும் கூட்டாளிகள் என்பதை லாலர் வெளியே விடவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரிய குறை கமாலா. மிசிசிப்பியில் பிறந்து வளர்ந்த ஜிம் ஹாரிஸ் என்ற கறுப்பினத்தவரை 1982ல் உகாண்டா காட்டு மனிதன் என்று கொண்டுவந்தார்கள். முகச்சாயத்தை வரைந்து கொடுத்தது லாலர், அறிமுக வீடியோவில் வரும் ஆப்பிரிக்கக் காடு டென்னசியில் ஜாரெட்டின் சொந்த நிலம், புகை விட்டு எடுத்தது. வியாபாரமாக அது பிய்த்துக்கொண்டு போனது உண்மை, ஹாரிஸுக்கு அதில் வாழ்க்கையே அமைந்தது என்பதும் உண்மை. ஆனாலும் இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க மனசு ஒப்பவில்லை, அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தள்ளிவிடவும் எனக்கு விருப்பமில்லை. அதே கூட்டத்தில் எத்தனையோ கறுப்பின ரசிகர்கள் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது, முடிவுகள். யாராவது ஓடி வந்து குறுக்கே விழுவது, நடுவர் மயங்குவது, மறுபடி தகுதி நீக்கம். வாரத்துக்கு ஒரு தடவை பார்த்த மெம்ஃபிஸ்காரருக்கு அது அடுத்த திங்கட்கிழமைக்கான தூண்டில், நாம் வரிசையாகப் பார்க்கும்போது அலுத்துவிடுகிறது. மூன்றாவது, எல்லா வழியும் லாலரிடமே போய் முடிகிறது. ஹல்க் ஹோகன் பெரிய ஆள் ஆவதற்கு முன்பு இங்கே வந்தார், அண்டர்டேக்கர் 1989ல் வந்தார், ராக் 1996ல் வந்தார், எல்லாருக்கும் இது ஒரு படிக்கட்டாக இருந்தது, ராஜா மட்டும் அங்கேயே இருந்தார்.

ஃபேபுலஸ் ஒன்ஸ் ஜோடியின் பாட்டு வீடியோக்கள் 1982ல் புதுசு, அந்த அளவில் மரியாதை உண்டு, இப்போது வேகமாக ஓட்டலாம். பல பதிவுகளில் பாட்டை ஊமையாக்கி வேறு விட்டிருக்கிறார்கள். ராண்டி சாவேஜ் அப்படியில்லை. அவருடைய அப்பா நடத்திய போட்டிக் கம்பெனியில் இருந்துகொண்டு மெம்ஃபிஸ் ஆட்களை வாய்க்கு வந்தபடி சவால் விட்டுக்கொண்டிருந்தவர், 1983 கடைசியில் அதே மெம்ஃபிஸுக்கே வந்தார். 1984ல் ரிக்கி மார்ட்டன் என்ற ஆட்டக்காரரை மேஜை உடையும்படி பைல்டிரைவர் போடுகிறார் பாருங்கள், இன்றைக்கு வாரா வாரம் மேஜை உடைக்கிறார்கள், ஆனால் அன்றைக்குக் கூட்டம் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

படத்தரத்துக்குப் பத்துக்கு மூன்று, ஸ்டூடியோ மேட்ச்களுக்கு நான்கு, கொலிசியத்தின் பெரிய மேட்ச்களுக்கு எட்டு, ரசலுக்குப் பத்துக்குப் பத்து. புதிதாகப் பார்ப்பவர்கள் கோஃப்மனில் தொடங்காதீர்கள், அது தனியாகப் பார்த்தால் ஒரு நடிகரின் குறும்பாகவே நின்றுவிடும். 1980லிருந்து ஏதாவது இரண்டு முழு சனிக்கிழமை நிகழ்ச்சியை விளம்பரத்தோடு சேர்த்துப் பாருங்கள், லாலர் கால் உடைந்து மாதக்கணக்கில் படுத்தபோது முன்பு அவர் பக்கம் இருந்த மேனேஜர் ஜிம்மி ஹார்ட் மேஜைக்கு வந்து, கால் உடைந்த குதிரையைச் சுட்டுத் தள்ளுவதுதானே வழக்கம் என்கிற ரீதியில் பேசும் காலம் அது. அதைக் கேட்டு உங்களுக்கு ஹார்ட் மேல் கோபம் வந்தால், அப்புறம் வெற்று அரங்கு, அதற்கப்புறம் டண்டி. கோபம் வரவில்லையென்றால் இந்த டேப்கள் உங்களுக்கானவை இல்லை, வேறு வட்டாரம் பாருங்கள்.