பெரிய தலைப்பா, சின்னத் தலைப்பா? மாணவர் பேச்சுத் தயாரிப்பில் எது கைகொடுக்கும்

மேடையில் ஒரு மாணவர் திணறினால் பயம் என்று சொல்லிவிடுகிறோம். பல சமயம் அந்தத் திணறல் தலைப்பைப் பிடித்த அன்றே தொடங்கியிருக்கும். தலைப்பு கைக்கு அடங்காமல் போனால் தகவல் தேடுவது குழம்பும். தேடியது குழம்பினால், மனப்பாடம் செய்ததில் ஒரு வரி மறந்தாலும் மொத்தப் பேச்சும் நின்றுவிடும். அதனால் மாணவர் முன்னால் இருக்கும் வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

பெரிய தலைப்பும் சின்னத் தலைப்பும்

‘ஆன்டிபயாட்டிக் மருந்துகள்: நன்மையும் தீமையும்.’ இது பெரிய தலைப்பு. தேடினால் எதுவும் கிடைக்கும் என்பது இதன் வசதி, அதுவே இதன் ஆபத்தும். ஐந்து நிமிடத்துக்குள் வரலாறு, வகைகள், பக்கவிளைவு, விழிப்புணர்வு என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். கேட்பவர் மனதில் எதுவும் தங்காது.

இப்போது அதற்குள்ளிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் பெனிசிலின் கொடுத்துக் குணப்படுத்த முயன்ற முதல் நோயாளி ஏன் பிழைக்கவில்லை?’ லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங், பெனிசிலினைச் சுரக்கும் பூஞ்சையைக் கவனித்தது 1928-ல். அதை மருந்தாக்கும் வேலையில் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியும் செயினும் இறங்கியபோது பத்தாண்டுகள் கடந்திருந்தன. 1941 பிப்ரவரியில், கடுமையான தொற்றில் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு அதைச் செலுத்தினார்கள். அவர் தேறத் தொடங்கினார். ஆனால் இருந்த மருந்து மிகக் கொஞ்சம். அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. தொற்று திரும்பி வந்து, அடுத்த மாதம் அவர் இறந்துபோனார்.

இந்தச் சின்னக் கதைக்குள் பெரிய தலைப்பு முழுவதும் இருக்கிறது. கண்டுபிடிப்பது வேறு, போதுமான அளவு தயாரிப்பது வேறு என்பது அதில் வந்துவிடுகிறது. 1945-ல் அந்த மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது ஆற்றிய உரையில், மருந்தைக் குறைவான அளவில் கொடுத்தால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று பிளெமிங் எச்சரித்தார். அங்கிருந்து இன்றைய பிரச்சினைக்கு ஒரே வாக்கியத்தில் வந்துவிடலாம். ஒரு மனிதரைப் பற்றிப் பேசத் தொடங்கி, எல்லோரையும் பற்றிப் பேசி முடிக்கலாம்.

சின்னத் தலைப்புக்கும் குறை உண்டு. தகவல் சட்டென்று வறண்டுவிடும். ஒரு நாள் தேடியும் நம்பகமான இரண்டு ஆதாரம் கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் கேள்வியை மாற்றிவிடுங்கள். போட்டியில் தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டால் என்ன செய்வது? சரி, கொடுத்த தலைப்புக்குள் ஒரு கேள்வியைத் தேடுங்கள். நடுவர்கள் தலைப்பைத்தான் விதிப்பார்கள். அதற்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்பது உங்கள் உரிமை.

தெரிந்ததா, புதியதா, பரபரப்பானதா

மூன்றில் பரபரப்பான தலைப்புக்குத்தான் நான் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுப்பேன். எல்லோரும் அதையே எடுப்பார்கள். முதல் பக்கத்தில் கிடைக்கும் அதே புள்ளிவிவரம் அதே மேடையில் நாலு பேர் வாயிலிருந்து வரும். செய்தி சூடாக இருக்கும்போது விவரங்களும் நாளுக்கு நாள் மாறும்.

தெரிந்த தலைப்பில் தன்னம்பிக்கை தானாக வரும். நேரம் குறைவு என்றால் இதுதான் நல்லது. ஆனால் தெரிந்த விஷயம் என்பதாலேயே சிலர் எதையும் சரிபார்ப்பதில்லை. காதில் விழுந்ததையெல்லாம் உண்மையாக நினைத்துச் சொல்லிவிடுவார்கள். கையில் நாள் இருந்தால் என் ஓட்டு புதிய தலைப்புக்கு. ஒரே ஒரு நிபந்தனை: அதைப் பற்றி உங்களுக்கே உண்மையில் ஒரு சந்தேகம் இருக்க வேண்டும். தனக்கே விடை தெரிய வேண்டும் என்று தேடிய மாணவரின் குரல் மேடையில் தனியாகத் தெரியும்.

கூகுள், விக்கிப்பீடியா, ஏஐ, நூலகம், மனிதர்

தலைப்பை முடிவு செய்துவிட்டுப் படிப்பதா, படித்துவிட்டு முடிவு செய்வதா என்று கேட்டால், முதலில் ஒரு மணி நேரம் சும்மா படியுங்கள் என்பேன். பெனிசிலின் போன்ற கேள்விகள் யோசித்து உட்கார்ந்தால் வராது. படிக்கும்போதுதான் கண்ணில் படும்.

அந்த முதல் மணி நேரத்துக்கு விக்கிப்பீடியா மிக நல்ல இடம். அதை மேற்கோள் காட்டக் கூடாது என்று பல ஆசிரியர்கள் சொல்வது சரிதான். ஆனால் படிக்கவே கூடாது என்பது தவறு. கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியல்தான் அங்கே உண்மையான சொத்து. தமிழ்க் கட்டுரை சுருக்கமாக இருந்தால் ஆங்கிலக் கட்டுரையின் பட்டியலையும் பாருங்கள்.

கூகுள் தேடலும் யூடியூபும் வேகத்தில் முந்தும். அவற்றில் சிக்கல் வேறு. பத்துத் தளங்களில் ஒரே தகவல் இருந்தால் அது உறுதியானது என்று நினைக்கிறோம். பத்துமே ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் அது ஒரே ஆதாரம்தான். விண்வெளியிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பது அப்படிப் பரவியதுதான். 2003-ல் விண்ணுக்குப் போய்வந்த முதல் சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்கு அது தெரியவில்லை என்று சொன்னார். இன்னும் மேடைகளில் அது தெரிந்துகொண்டேதான் இருக்கிறது.

‘2050-ல் கடலில் மீன்களைவிட பிளாஸ்டிக் அதிகமாக இருக்கும்’ என்ற வரியும் அடிக்கடி காதில் விழும். பின்னால் போய்த் தேடினால் 2016-ல் எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கைக்கு வந்து சேருவீர்கள். அங்கே சொல்லியிருப்பது எடைக் கணக்கு. அதுவும் போக்கு இப்படியே தொடர்ந்தால் என்ற நிபந்தனையோடு வரும் மதிப்பீடு. ‘எண்ணிக்கையில்’ என்று ஒரு மாணவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, மூலத்தைப் பார்க்காமல் விட்டார், அவ்வளவுதான். ஆனால் விவரம் தெரிந்த நடுவர் அதோடு மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்குவார்.

ஏஐ-யிடம் கேட்பது இப்போது எல்லோருக்கும் முதல் வழி. அதைத் தகவலுக்கு நம்புவதைவிட யோசனைக்குப் பயன்படுத்துவது நல்லது. ‘என் வாதத்தை எதிர்ப்பவர் என்ன சொல்வார்?’, ‘இந்தத் தலைப்பைப் பத்துக் கேள்விகளாக உடைத்துக் கொடு’ என்று கேட்டுப் பாருங்கள், நிஜமாகவே உதவும். ஆனால் அது கொடுக்கும் ஆண்டு, எண், நூல் பெயர், மேற்கோள் எதையும் மூலத்தில் பார்க்காமல் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நியூயார்க்கில் வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 2023-ல் 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். முழுப் பேச்சையும் அதையே எழுதச் சொல்வது இன்னொரு இழப்பு. பேசி முடித்ததும் ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

நூலகம் மெதுவானதுதான். ஆனால் ஒரு நல்ல புத்தகத்தில் பொருளடக்கத்தையும் கடைசியில் இருக்கும் சொல்லடைவையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் தேவையான பத்துப் பக்கங்களை எடுத்துவிடலாம். அந்தப் பத்துப் பக்கத்தில் இருக்கும் விவரம் பெரும்பாலும் சக போட்டியாளர் யாரிடமும் இருக்காது.

மனிதரிடம் கேட்பதை யாரும் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆன்டிபயாட்டிக் பற்றிப் பேசப் போகும் மாணவர் ஒரு செவிலியரிடம் பதினைந்து நிமிடம் பேசினால் போதும். ‘மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, என்ன காரணம் சொன்னார்கள்?’ என்று கேட்கலாம். அந்தப் பதில் எந்தத் தளத்திலும் இல்லாதது. பெயர் சொல்லலாமா என்று மட்டும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அனுபவத்துக்கு மனிதரும் எண்ணிக்கைக்கு அறிக்கையும்தான் சரி. ஒருவர் சொன்னதை வைத்து ‘எல்லோரும் இப்படித்தான்’ என்று பேசிவிடக் கூடாது.

அப்புறம் குறிப்பு எடுப்பது. பார்த்து ஒட்டுவதைவிட, படித்து மூடிவிட்டு உங்கள் வார்த்தையில் கையால் எழுதுங்கள். பக்கத்திலேயே எங்கே படித்தீர்கள், எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்றும் எழுதிவிடுங்கள். பேச்சுக்கு முந்தைய இரவில் ஒரு எண் மட்டும் சந்தேகமாகத் தெரியும்போது அது எங்கிருந்து வந்தது என்று அந்த வரி சொல்லிவிடும். சரிபார்க்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் எவ்வளவு பிடித்த எண்ணாக இருந்தாலும் எடுத்துவிட்டு, கடிகாரத்தை வைத்து வாய்விட்டு இன்னொரு முறை பேசிப் பாருங்கள்.