கான்கூனா, மெக்சிகோ சிட்டியா?

மார்ச் விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ கிளம்பும் மாணவர் கூட்டம் யோசிக்காமல் கான்கூனுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறது. கடல் அழகுதான், ரிசார்ட்டில் சாப்பாடும் குடியும் சேர்த்தே காசு வாங்கிவிட்டால் பில்லைப் பிரிக்கும் சண்டையும் இல்லை. ஆனால் குடிக்க வயது வரம்பு அமெரிக்காவில் 21, அங்கே 18 என்பதால் 21 ஆகாதவர்கள் குவிந்துகிடப்பார்கள், ராத்திரி தூக்கத்தை மறந்துவிடலாம்.

என் ஓட்டு மெக்சிகோ சிட்டிக்கு. மெட்ரோ 5 பெசோ, சுழலும் கம்பியிலிருந்து பன்றிக்கறியைச் சீவி மேலே ஒரு துண்டு அன்னாசி வைத்துத் தரும் தெருவோர டாக்கோ, மார்ச்சில் ஊதாவாகப் பூத்து நிற்கும் ஜகரந்தா மரங்கள். 2,240 மீட்டர் உயரம், முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும், சரி, பரவாயில்லை.

அப்புறம், இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இரண்டு ஊருக்குமே மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி தரும் மாணவர் படிவமான ஐ-20இல், திரும்பி நுழையத் தேவைப்படும் பயணக் கையெழுத்தை மட்டும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.