மூன்று கோடை கண்ட தென்னை நார்க்கழிவுக் கட்டி

மாடித் தோட்டம் போடப்போகும் என் மைத்துனர், தொட்டி மண்ணில் கலக்க, அழுத்திக் கட்டியாக்கி விற்கும் தென்னை நார்க்கழிவை வாங்கலாமா என்று விளாங்குடியிலிருந்து கேட்டார். மூன்று கோடையாகப் பயன்படுத்துபவன் என்ற முறையில் வாங்கச் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் எவ்வளவு பொங்கும், செம்மண்ணும் மட்கிய எருவும் எந்த அளவில் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த கதை. என் குறை அதிலுள்ள உப்பு. உறைமேல் 'கழுவியது' என்று அச்சிட்டிருந்ததை நம்பி, முதல் ஆண்டு அப்படியே ஊறவைத்துக் கலந்தேன். இரண்டே வாரத்தில் கத்தரி நாற்றுகளின் இலையோரம் பழுப்பேறிக் கருகியது. மிச்சமிருந்த நாரில் ஒரு கைப்பிடியைப் பிழிந்து, குடிதண்ணீர் பார்ப்பதற்காக வைத்திருந்த டிடிஎஸ் மீட்டரை (நீரில் கரைந்த உப்பை அளப்பது) அந்தக் கடுங்காப்பி நிறச் சாற்றில் முக்கினால் 2,600 காட்டியது. மூன்று தண்ணீர் அலசுங்கள் என்றார் கடைக்காரர். ஐந்து தண்ணீர் அலசியும் 1,400க்குக் கீழே இறங்கவில்லை. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே 1,400 என்பது மறுநாள்தான் உறைத்தது. உப்புத் தண்ணீரைக் கொண்டே உப்பைக் கழுவியிருக்கிறேன்!

இப்போது ஐப்பசி மழைக்குக் காத்திருந்து, ஊறிய நாரைப் பழைய கொசுவலையில் கட்டி மாடித் தண்ணீர் விழும் குழாயடியில் போட்டுவிடுகிறேன். பிறகு கால்சியம் நைட்ரேட் உரம் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தால், நாரைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் தள்ளிவிடும். அதையும் ஒருமுறை அலசியாக வேண்டும். உப்பு போனாலும் இன்னொரு குறை உண்டு: மட்காத நாரில் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏறத்தாழ நூறு மடங்கு கரிமம் இருப்பதால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தில் செடியின் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றாத தொட்டிகளில் இலை வெளுத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இத்தனைக்குப் பிறகும், அக்கினி நட்சத்திர வெயிலில் அது செய்யும் வேலையை மறுக்க முடியவில்லை. வெறும் செம்மண் நிரப்பிய காலத்தில் மண் இறுகித் தொட்டியின் விளிம்பை விட்டு விலகிவிடும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி, செடிக்கு எட்டாமல் தளத்தை நனைக்கும். இப்போது காலையில் ஊற்றினால் மாலை வரை ஈரம் நிற்கிறது. சென்ற மாதம் ஒரு பையைக் கவிழ்த்தபோது, மண் உதிராதபடி வெள்ளை வேர் பின்னிக் கிடந்தது.

நட்சத்திரம் போடச் சொன்னால் இன்றைக்கும் இரண்டுதான் போடுவேன். ஆனால் போன வாரம் விலை இறங்கியதும் நான்கு கட்டிகள் வாங்கி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருக்கிறேன். மைத்துனரிடம் முதலில் கொசுவலை தேடி வைக்கச் சொல்ல வேண்டும்.